செந்தேரிக்கு இன்னும் இரண்டு மைல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டன்லப் ஸ்ட்ரீட்டில், மசாலா அரைக்கும் மில்லுக்கு மேல்மாடியில் இருந்த பயண ஏஜென்சியில் பதினாலு வருஷம் வேலை பார்த்தேன். முப்பது நாற்பது பேரை, அதில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், பத்து நாள் தமிழ்நாடு முழுக்கச் சுற்றிக் காட்டி, ஒருவரையும் தொலைக்காமல், ஒருவருக்கும் வயிற்றுப்போக்கு வராமல் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமானால், சாதுவாக இருந்து கட்டுப்படியாகாது. கத்த வேண்டும். நான் கத்துவேன். ஜோன் வருகிறாள் என்று கேட்டதும் குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறியவர்கள் உண்டு.

முதலாளி ஒலி முகம்மது பாய். ஹஜ்ஜையும் நாகூரையும் அவர் பார்த்துக்கொள்வார். வேதக்காரர்கள், அதாவது எங்கள் கிறிஸ்தவர்கள், என் பொறுப்பு. ஒவ்வொரு ஜூன் பள்ளி விடுமுறைக்கும் ஒரு குழு கிளம்பும். மெட்ராஸில் இறங்கி, வேளாங்கண்ணி, தூத்துக்குடி என்று போய், கடைசியாகச் செந்தேரி. அதற்குப் பிறகு கன்னியாகுமரியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பிவிடுவோம்.

செந்தேரி பெரிய ஊரெல்லாம் இல்லை. கடலோரம் சிவப்பு மணல், பனைமரம், நூறு வீடு, நடுவில் அடைக்கல மாதா கோயில். ஆனால் எங்கள் ஆட்களுக்கு வேளாங்கண்ணியைவிட அங்கேதான் நேர்ச்சை அதிகம். அதற்கு ஒரு முறை உண்டு. பனங்காட்டைத் தாண்டி பஸ் ஒரு வளைவில் திரும்பும்போது கோயிலின் வெள்ளைக் கோபுரம் முதல்முறையாகக் கண்ணில் படும். நேர்ந்துகொண்டவர்கள் அந்த இடத்திலேயே இறங்கிவிட வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, கோபுரத்தைப் பார்த்தபடி முழங்காலிலேயே நடந்துபோய் வாசற்படியைத் தொட வேண்டும். கோபுரம் கண்ணில் பட்ட பிறகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் நேர்ச்சை செல்லாது. வளைவிலிருந்து கோயில் முந்நூறு தப்படிதான். பதினோரு வருஷம் அந்த வளைவில் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறேன்.

எண்பத்தாறில் போனபோது வளைவு இல்லை. அதாவது, எங்கள் பஸ் அந்தப் பழைய வழியாகவே போகவில்லை. செந்தேரிக்கு இரண்டு மைல் இந்தப் பக்கம் பொட்டல் முழுவதும் காற்றாலைகளை நட்டிருந்தார்கள். வெள்ளைத் தூண்கள், உச்சியில் மூன்று இறக்கைகள், வரிசையாகப் பன்னிரண்டு. அந்த இறக்கைகளை ஏற்றிவரும் லாரிகளுக்காக நேராக ஒரு தார் ரோடும் போட்டிருந்தார்கள். டிரைவர் அண்ணாதுரைக்கு அந்த ரோடுதான் பிடித்திருந்தது. எங்கள் கிழங்களுக்குப் பிடிக்கவில்லை. கோபுரத்தைத் தேடிய பக்கமெல்லாம் காற்றாடி நின்றது. பூசையில் உம் உம் என்று சத்தம் கேட்டது என்றார்கள், போட்டோவில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஏதோ சுற்றுகிறது என்றார்கள். திரும்பி வந்ததும் எங்கள் பங்குக் கோயில் முழுக்க அதே பேச்சு. அடுத்த வருஷம் பிப்ரவரி முடியும்வரை என்னிடம் பதினோரு பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். பதினோரு பேருக்கு பஸ் ஓடாது.

ஒலி முகம்மது பாய்க்கு வியாபார மூளை. அவர் சொன்னார்: "மாதாவுக்கு ஃபேன் போட்டுருக்காங்கன்னு நீ ஏன் அழுவுறே ஜோன்? அந்த ஃபேனையே படம் போடு. சனம் வரும்லா."

நான் அன்றைக்கு அவரோடு போட்ட சண்டை கீழே மில் சத்தத்தையும் மீறிக் கேட்டதாம். ஆனால் அவர் சொன்னபடிதான் நடந்தது. விளம்பரத் தாளின் முகப்பில் காற்றாலை, உள்ளே விவேகானந்தர் பாறைக்குப் படகுச் சவாரி. அதுவரை எங்களோடு வராதவர்களெல்லாம் வந்தார்கள். இளம் ஜோடிகள், ஆசிரியர்கள், புதுக் கேமரா வாங்கியவர்கள். மூன்றே வாரத்தில் முப்பத்து நாலு பேர். செந்தேரி கோயில் கடைசிப் பக்கத்தில், "நேரமிருந்தால்" என்ற வார்த்தையோடு சின்ன எழுத்தில் போய்விட்டது. அந்தத் தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னது நான்தான்.

அந்த முப்பத்து நாலு பேரில் ஒருத்தி பிலோமினம்மாள்.

அவளும் நானும் கேலாங்கில் ஒரே லோரோங் சந்தில் அடுத்தடுத்த அத்தாப்பு ஓலை வீடுகளில் இருபது வருஷம் இருந்தவர்கள். அவள் புருஷன் துறைமுகத்தில் சரக்கு விழுந்து செத்தபோது அவள் மகன் பெர்னார்டுக்கு நாலு வயது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை. பெர்னார்டு பாதி நாள் அவள் வீட்டில் சாப்பிடுவான், பாதி நாள் என் வீட்டில். அவனைத் திட்டுவதற்கும் எங்கள் இருவருக்கும் சம உரிமை. வீடுகளை இடித்த பிறகு அவர்களுக்கு தெம்பனிஸில் புது ஃபிளாட் கிடைத்தது. பெர்னார்டு கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தான். பிலோமினாக்காவுக்குச் சர்க்கரை வியாதி, அது கண்ணில் இறங்கி, வெளிச்சமும் வெள்ளையும்தான் தெரியும் என்ற நிலைக்கு வந்திருந்தாள். ஆனாலும் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் அவனுக்கு ரத்தத்தில் புற்று என்று சொன்னார்கள். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது.

என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "டாக்டர் சொல்றதெல்லாம் சொல்லட்டும். நான் மாதாகிட்ட நேர்ல போய்க் கேட்டுட்டு வந்துர்றேன். கோபுரம் தெரிஞ்சதும் என்னை இறக்கி விட்டுடு ஜோன். அது போதும்."

கோயில் இந்த வருஷம் நேரமிருந்தால்தான் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்காக ஒரு மணி நேரம் நிறுத்துகிறேன் என்று கையில் அடித்துச் சொன்னேன். அப்போது அது பொய்யில்லை. ஆஸ்பத்திரியில் பெர்னார்டிடமும் சொன்னேன். அவனுக்கு அம்மாவைப் பத்து நாள் விட்டிருக்க மனமில்லை, ஆனால் போகாமல் அவள் அடங்கமாட்டாள் என்றும் தெரியும். அம்மாவைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள் ஆன்டி என்றான்.

தூத்துக்குடியில் அக்கா பெர்னார்டு உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்கினாள். ஆள் உயர மெழுகுவர்த்தி கொடுப்பதும் எங்களில் உண்டு. அவன் ஐந்தடி ஒன்பதங்குலம். பஸ்ஸில் நடைவழியில்தான் அதைப் படுக்க வைக்க முடிந்தது. ஏறி இறங்குகிறவர்களெல்லாம் தாண்டிப் போக வேண்டியிருந்ததால் முணுமுணுத்தார்கள். அக்கா குனிந்து உட்கார்ந்து ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டே வந்தாள்.

புறப்பட்டு ஒரு மணி நேரத்தில் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. அண்ணாதுரை அதைத் தூக்கிக்கொண்டு யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. பாறைக்குப் போகும் படகுக்கு நாலு மணிக்கு மேல் டிக்கெட் கொடுக்கமாட்டார்கள். நாங்கள் காற்றாலைப் பொட்டலை நெருங்கும்போது மணி இரண்டு. அங்கே இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு நேரே போனால் படகைப் பிடிக்கலாம். கோயிலுக்குத் திரும்பினால் பிடிக்க முடியாது. பஸ்ஸில் எல்லோருக்கும் அந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. சிலுவைராஜ் என்று ஒரு மனுஷர், மின்சார அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி, கழுத்தில் கேமரா, என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று விளம்பரத் தாளை விரித்துக் காட்டினார். நேரமிருந்தால் என்றுதானே போட்டிருக்கிறது என்றார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். மற்றவர்கள் அவ்வளவு மரியாதையாகக் கேட்கவில்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எல்லோரையும் உட்காரச் சொல்லிக் கத்தினேன். கத்தினேனே தவிர, என்ன செய்வதென்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். "ஜோன், தெரியுதுடி. வெள்ளையா, உயரமா. கையை விரிச்சுக்கிட்டு நிக்குது பாரு. நிறுத்தச் சொல்லு."

ரோட்டோரத்தில் முதல் காற்றாலை நின்றது. செந்தேரிக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது.

இல்லை அக்கா, அது வேறே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் அதற்குள் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உதடு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் இல்லை என்றால் அவள் கோயிலுக்குப் போக வேண்டும் என்பாள். முப்பத்து மூன்று பேர் என்னைப் பிய்த்துவிடுவார்கள். கோயிலுக்கே போவோம் என்றால், சர்க்கரைப் புண் உள்ள முழங்காலோடு அவள் நடந்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்றெல்லாம் என் புத்தி கணக்குப் போட்டது. இதையெல்லாம் இப்போது விவரமாகச் சொல்கிறேன். அப்போது ஒரு மூச்சு நேரம்தான்.

"ஆமாக்கா," என்றேன். "கோயில்தான்."

தார் ரோட்டிலிருந்து காற்றாலைவரை சரளைக்கல் பாதை. அவள் முழங்காலில் நடந்தாள், நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். ஜூன் மாதக் காற்று குடையைத் திருப்பித் திருப்பி அடித்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் சிலர் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. அண்ணாதுரை மெழுகுவர்த்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான், அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. காவல்காரன் கொட்டகையிலிருந்து எழுந்து வந்தான். அவனிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் ஒன்றும் புரியாமல் ஒதுங்கி நின்றான்.

பாதி வழியில் அக்கா அது என்ன சத்தம் என்று கேட்டாள். கடல் என்றேன். உள்ளே வெளிச்சம் தெரியவில்லையே, கதவு சாத்தியிருக்கிறதா என்று கேட்டாள். சாமியார் ஊருக்குப் போயிருக்கிறார், படியைத் தொட்டுக் கும்பிடுங்கள் என்றேன். ஒரு பொய் சொன்ன பிறகு மற்றதெல்லாம் தடங்கலில்லாமல் வந்தது. தூணுக்கு அடியில் சிமென்ட் மேடை போட்டிருந்தார்கள். அதை இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, கன்னத்தை வைத்துக்கொண்டாள். மெழுகுவர்த்தியை ஏற்ற முடியவில்லை, ஒவ்வொரு குச்சியும் அணைந்தது. சரி, அப்படியே படியில் வைத்துவிடு என்றாள்.

பிறகு சத்தமாகவே பேசினாள். "தாயே, இருக்கிற கொஞ்சக் கண்ணையும் எடுத்துக்கோ. அவனை விட்டுடு."

அவளைத் தூக்கி நிறுத்தியபோது சேலையில் இரண்டு இடத்தில் ரத்தம். பஸ்ஸில் மருந்து போட்டுக் கட்டினேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மகன் பிழைத்துவிட்டான் என்றே முடிவு செய்துவிட்டாள். நாங்கள் கன்னியாகுமரிக்கு மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் அன்று காலையிலிருந்தே படகு விடவில்லை.

சிங்கப்பூர் திரும்பியதும் பெர்னார்டுக்குக் கொஞ்சம் தேவலை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்காவின் காலே தரையில் பாவவில்லை. பங்கில் ஒரு ஆள் விடாமல் சொன்னாள். செந்தேரி மாதா கேட்டுவிட்டாள் என்றாள். அவள் சொல்லும்போதெல்லாம் நான் ஏதாவது வேலை இருப்பதுபோல் எழுந்து போவேன். ஒருவேளை மாதா அங்கிருந்தே கேட்டிருப்பாளோ, இரண்டு மைல் அவளுக்கு ஒரு தூரமா என்றுகூட நினைத்துக்கொண்டேன். மனுஷ மனசு தனக்கு வசதியாக எதையும் நம்பும்.

ஆகஸ்டில் சிலுவைராஜ் தெம்பனிஸுக்குப் போய் நலம் விசாரித்திருக்கிறார். நல்ல மனுஷர், கையோடு படங்களையும் கொண்டுபோயிருக்கிறார். அதில் ஒன்றில் அக்கா முழங்காலில் இருக்கிறாள், கைகளைக் கூப்பியிருக்கிறாள், எதிரே காற்றாலை. அக்கா அடுக்களையில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பெர்னார்டு அந்தப் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை என்னை வரச் சொன்னான். அக்கா பக்கத்து வீட்டுப் பெண்ணோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். படத்தை எடுத்து என் மடியில் போட்டுவிட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. நல்ல மெஷின் ஆன்டி, அம்மா கும்பிட்டதில் தப்பில்லை என்றான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், டயர், படகு, எல்லாம். இன்றைக்கே அக்காவிடம் சொல்லிவிடுகிறேன், அடுத்த விமானத்திலேயே அவளைச் செந்தேரிக்குக் கூட்டிப்போகிறேன், நானும் முழங்காலில் நடக்கிறேன் என்றேன்.

அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். "அம்மா மறுபடியும் பத்து நாள் போயிடுவாங்க, ஆன்டி. எனக்கு அவ்ளோ டைம் இல்லை. டாக்டர் என்கிட்ட ஸ்ட்ரெய்ட்டா சொல்லிட்டார். இருக்கிற வரைக்கும் அவங்க பக்கத்துல இருக்கட்டும். ப்ளீஸ், சொல்லாதீங்க."

நான் சத்தியம் பண்ணினேன். அவன் படத்தை நாலாகக் கிழித்து என் கைப்பையில் போட்டான்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி பெர்னார்டு போய்விட்டான். அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் ஆகாது. அவனைத் தூக்கி வளர்த்த கை இது.

அடக்கத்தன்று அக்கா அழவில்லை. கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போனபோது அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஓஃபிர் ரோடு கோயிலுக்கும் வரவில்லை. பெர்னார்டுக்கான முப்பதாம் நாள் பூசைக்கு என்றைக்குச் சொல்லலாம் என்று கேட்கப் போனேன். வீட்டில் மாதா படம் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டியிருந்தது. சர்க்கரை மாத்திரைப் பட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. சோறு பொங்கின தடயம் இல்லை.

"பூசையும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றாள். "நான் தபால்ல கேக்கலை ஜோன். அவ வாசல்ல போய்க் கேட்டேன். முட்டி கிழியக் கேட்டேன். மூஞ்சியைப் பார்த்து இல்லைன்னுட்டா. அவ வீட்டுக்கு இனிமே நான் எதுக்குப் போகணும்? நானும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தாப் போதும்."

மகனும் இல்லை, மாதாவும் இல்லை என்றால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நான் இருக்கிறேன். ஆனால் நான் யார் என்பது எனக்கல்லவா தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு மாதா திரும்பக் கிடைப்பாள், நான் போய்விடுவேன். சொல்லாவிட்டால் நான் அவள் பக்கத்திலேயே இருந்து அவள் பட்டினி கிடந்து சாவதைப் பார்க்கலாம். ஒரு வாரம் தூக்கமில்லை. கடைசியில் ஒலி முகம்மது பாயிடம்தான் சொன்னேன். விளம்பரத் தாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். போனவனுக்குச் செய்த சத்தியத்தைவிட இருக்கிறவள் உயிர் பெரிது, போய்ச் சொல்லு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து ஆதியோடந்தமாகச் சொன்னேன். பெர்னார்டுக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. முடித்ததும் அவள் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"நான் கன்னத்தை வச்சேனே, அது என்னது?"

"சிமென்ட்டுக்கா."

"அவன் மெழுகுவத்தி?"

"காவல்காரன் எடுத்திருப்பான்."

"கோயிலு எவ்வளவு தூரத்துல இருந்துச்சு?"

"ரெண்டு மைல்."

அவள் உதடு அசைந்தது. இரண்டு மைலா என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள். அப்புறம் அவள் முகம் மாறியது. கோபமாகத்தான் மாறும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கோபம் இல்லை. காய்ச்சல் விட்ட பிள்ளையின் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"அப்போ நான் அவகிட்டக் கேக்கவே இல்லை," என்றாள். "அவ இல்லைன்னு சொல்லலை. அவளுக்குத் தெரியவே தெரியாது."

எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே போய் மாதா படத்தைத் திருப்பி மாட்டினாள். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். நெற்றியை அதில் முட்டிக்கொண்டு, அடக்கத்தன்று வராத அழுகையெல்லாம் அழுதாள். மன்னிச்சுக்கோ தாயே, மன்னிச்சுக்கோ தாயே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெர்னார்டு பேரைச் சொல்லி அழுதாள். நான் எழுந்து அவள் தோளைத் தொட்டேன்.

அவள் என் கையை எடுத்துக் கீழே விட்டாள். "கேட்டிருந்தா குடுத்திருப்பா," என்றாள். "நீ போயிடு ஜோன். இனிமே இந்த வாசப்படி ஏறாதே."

அப்போது பெர்னார்டு சொன்னதைச் சொல்லியிருக்கலாம். உங்கள் மகனுக்கே தெரியும், அவன்தான் உங்களைப் போகவிடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டான் என்று ஒரு வார்த்தை. சொன்னால் பாதிப் பழி அவன் மேல் போகும். அவன் தன் உயிரைத் தானே வேண்டாம் என்றான் என்று அவள் நினைப்பாள், மாதாவைத் திருப்பியதுபோல அவன் படத்தையும் திருப்பிவிடுவாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். லிஃப்டுக்குக் காத்திருக்க முடியாமல் பத்து மாடியும் படியிலேயே இறங்கினேன்.

முப்பதாம் நாள் பூசை நாற்பதாவது நாளில் நடந்தது. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை, அறிவிப்பில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அக்கா மாத்திரை போடுகிறாள், சாப்பிடுகிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அக்காவைச் செந்தேரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று அந்தப் பெண்ணிடமே இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை. ஏன் இருவரும் பேசுவதில்லை என்று பங்கில் கேட்டார்கள். அக்கா யாரிடமும் காரணம் சொல்லவில்லை. அவள் கௌரவமான மனுஷி. நானும் சொல்லவில்லை.

எண்பத்தெட்டில் காற்றாலைப் பயணத்துக்கு ஜனவரியிலேயே இடம் நிரம்பிவிட்டது. இரண்டாவது பஸ் போடலாமா என்று பாய் கேட்டார். கோயில் பெயர் தாளின் கடைசிப் பக்கத்திலும் இல்லை. நான் போகவில்லை என்று சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. அந்த வருஷக் கடைசியில் வேலையையும் விட்டேன்.

இப்போது அக்காவுக்கு அந்த வெள்ளை வெளிச்சமும் தெரிவதில்லை என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மூன்றாவது பெஞ்சில் உட்காரவைப்பாள். நான் முதலில் பின்வரிசையில், தூண் மறைவில் உட்கார்ந்துகொண்டிருந்தேன். போன தவக்காலத்திலிருந்து நேரத்தோடு வந்து நாலாவது பெஞ்சில், அக்காவுக்கு நேர் பின்னால் இடம் பிடிக்கிறேன். பாட்டு எதையும் பாடுவதில்லை, ஜெபத்தையும் மனசுக்குள்தான் சொல்கிறேன். என் குரலை அவள் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவாள்.

ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்வோம் என்று சாமியார் சொல்லுவார். அக்கா வலப்பக்கம் கும்பிடுவாள், இடப்பக்கம் கும்பிடுவாள். பிறகு முழுக்கத் திரும்பி, பின்னால் இருப்பது யாரோ என்று நினைத்து எனக்கும் கைகூப்பி, சிரித்த முகத்தோடு "சமாதானம்" என்பாள். நானும் கைகூப்புவேன். வாய் திறக்கமாட்டேன். பதில் வரும் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு அவள் திரும்பிக்கொள்வாள்.